எடிட்டர் மக்கர் பண்ணுதா? அழிச்சிடாதீங்க, பாதியா வெட்டிப் பாருங்க!

ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். சேலையூரில் ஒரு வாடகை வீடு. காலை 9.40. பத்து மணிக்கு ஸ்டாண்ட்-அப் மீட்டிங். ஆபீஸில் புதிதாகக் கொடுத்த லேப்டாப்பில் ஓர் இளம் டெவலப்பர் எமாக்ஸ் எடிட்டரைத் திறக்கிறார். தன் சொந்த லேப்டாப்பில் இரண்டு வருடமாகப் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய கான்ஃபிக் கோப்பை முந்தைய நாள் இரவுதான் இதில் காப்பி செய்திருக்கிறார். ஆனால் கறுப்பு தீம் வரவில்லை. பழகிய ஷார்ட்கட் எதுவும் வேலை செய்யவில்லை. கீழே ஏதோ ஒரு எச்சரிக்கை எட்டிப் பார்க்கிறது. அதைப் படிக்காமலேயே மூடிவிடுகிறார்.

அடுத்து என்ன செய்வார்? நம்மில் பெரும்பாலானோர் செய்வதைத்தான். எமாக்ஸை அன்இன்ஸ்டால் செய்து, திரும்ப இன்ஸ்டால் செய்வார். திறந்தால் அதே கதை! கடைசியில் வெறுத்துப்போய் மொத்த கான்ஃபிக் ஃபோல்டரையும் டெலீட் செய்துவிட்டு, வெறும் எடிட்டரோடு மீட்டிங்கில் போய் உட்காருவார். இரண்டு வருட உழைப்பு போச்சு. எங்கே தப்பு நடந்தது என்பது மட்டும் கடைசி வரை தெரியவே இல்லை.

இது ஒரு எடிட்டரின் சின்னப் பிரச்சினை மாதிரி தெரியலாம். அப்படி இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். தன் கணினி தொடங்கும்போது என்ன ஓடுகிறது என்பதைப் படிக்கவும், உடைந்தால் கண்டுபிடிக்கவும் தெரிந்திருப்பது ஐ.டி. துறையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அடிப்படைத் திறமை. அதைக் காசு செலவில்லாமல் கற்றுக்கொள்ள இந்த எடிட்டர் கோப்பைவிட நல்ல இடம் கிடையாது.

முதலில், அந்தக் கோப்பு என்ன செய்கிறது?

எமாக்ஸ், விம், நியோவிம் போன்ற எடிட்டர்கள் திறக்கும்போது உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருக்கும் ஒரு கோப்பைத் தேடிப் படிக்கும். தீம், எழுத்துரு, ஷார்ட்கட், பிளக்இன் எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். இங்கே பலர் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. அது வெறும் செட்டிங்ஸ் பட்டியல் இல்லை, ஒரு நிரல். எமாக்ஸில் அது லிஸ்ப் மொழியில் இருக்கும். விம்முக்கு அதன் சொந்த மொழி உண்டு. நியோவிம்மில் லுவா மொழியிலும் எழுதலாம். நிரல் என்றால் அது எங்கே வேண்டுமானாலும் உடையலாம்.

சேலையூர் காட்சியில் ரீஇன்ஸ்டால் ஏன் உதவவில்லை என்பதற்கு விடை இதில்தான் இருக்கிறது. மென்பொருளை நீக்கினாலும் ஹோம் ஃபோல்டரில் இருக்கும் உங்கள் கோப்பு நீங்காது. புதிதாக வந்த எமாக்ஸும் அதே கோப்பைத்தான் படிக்கும், அதே இடத்தில்தான் தடுக்கி விழும். வீட்டுக்குள் பாம்பு இருக்கும்போது வாசல் கதவை மட்டும் மாற்றிய கதைதான்.

உண்மையில் அங்கே என்ன நடந்தது?

சொந்த லேப்டாப்பில் இருப்பது உபுண்டு 24.04. அதன் களஞ்சியத்திலிருந்து வருவது எமாக்ஸ் 29. ஆபீஸ் லேப்டாப்பில் உபுண்டு 22.04. அதில் வருவது எமாக்ஸ் 27. கோப்பின் மேல்பகுதியில், தொடக்கத்திலேயே ‘தமிழ்99’ விசைப்பலகையை இயக்கச் சொல்லி ஒரு வரி இருக்கிறது. தமிழ்நாடு அரசு 1999-ல் தரப்படுத்திய அந்த விசைப்பலகை எமாக்ஸோடு சேர்ந்தே வரத் தொடங்கியது 2023 ஜூலையில் வெளியான 29-ஆம் பதிப்பில்தான். 27-க்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. “இந்த உள்ளீட்டு முறையை இயக்க முடியவில்லை” என்று பிழை காட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடும்.

‘அங்கேயே’ என்பதுதான் முக்கியம். எமாக்ஸ் கோப்பை மேலிருந்து கீழாகப் படிக்கும். பிழை வந்த இடத்தோடு படிப்பதை நிறுத்திவிடும். அதற்குக் கீழே 300 வரி இருந்தாலும் எதுவும் ஏறாது. அதனால்தான் தீம் வரவில்லை, ஷார்ட்கட் வேலை செய்யவில்லை. தீமில் தப்பே இல்லை, தப்பு மேலே இருக்கிறது! வலி ஓர் இடத்தில், காயம் வேறு இடத்தில். (விம் இந்த விஷயத்தில் வேறு மாதிரி. பெரும்பாலான பிழைகளைக் காட்டிவிட்டு மிச்ச வரிகளைத் தொடர்ந்து படிக்கும்.)

சோகம் என்னவென்றால், மூடிவிட்ட அந்த எச்சரிக்கையிலேயே இதெல்லாம் எழுதப்பட்டிருந்தது. எந்தக் கோப்பில் பிழை, என்ன பிழை, முழு விவரம் பார்க்க எமாக்ஸை எந்தக் கட்டளையோடு திறக்க வேண்டும் என்று அதுவே சொல்லிக் கொடுக்கும். படிக்கத்தான் ஆள் இல்லை.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது?

ஐந்து படிகள்தான். எந்த எடிட்டராக இருந்தாலும் வரிசை ஒன்றுதான்.

முதல் படி, கோப்பை ஒரு காப்பி எடுத்து வையுங்கள். பதற்றத்தில் செய்யும் மாற்றங்களே பாதிப் பிரச்சினைக்குக் காரணம்.

இரண்டாவது படி, கான்ஃபிக் இல்லாமல் எடிட்டரைத் திறந்து பாருங்கள். டெர்மினலில் எமாக்ஸ் என்று அடித்து, இடைவெளி விட்டு, ஒரு சிறுகோடும் பெரிய ‘கியூ’ எழுத்தும் சேர்த்தால் உங்கள் கோப்பைத் தொடாமல் சுத்தமாகத் திறக்கும். விம்மில் இரண்டு சிறுகோடு போட்டு ‘கிளீன்’ என்று கொடுக்க வேண்டும். வி.எஸ். கோடில் எக்ஸ்டென்ஷன்களை எல்லாம் அணைத்துவிட்டுத் திறக்கும் வசதி இருக்கிறது. இப்போதும் பிரச்சினை இருக்கிறதா? அப்படியென்றால் உங்கள் கோப்பு நிரபராதி. வேறு இடத்தில் தேடுங்கள். பிரச்சினை போய்விட்டதா? குற்றவாளி உங்கள் கோப்புக்குள்தான் இருக்கிறார். பத்து நொடிச் சோதனை, ஆனால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

மூன்றாவது படி, பிழைச் செய்தியைப் படியுங்கள். முழுசா. எமாக்ஸை ‘டீபக்-இனிட்’ என்ற விருப்பத்தோடு திறந்தால் எந்தக் கட்டளை எதை அழைத்தது, எங்கே உடைந்தது என்று சங்கிலி போலக் காட்டும். சில செய்திகளுக்கு மட்டும் கொஞ்சம் பொழிப்புரை தேவை. “படிக்கும்போதே கோப்பு முடிந்துவிட்டது” என்று வந்தால், எங்கேயோ ஓர் அடைப்புக்குறியை மூடவில்லை என்று அர்த்தம். பிழை கோப்பின் கடைசியில் காட்டும், உண்மையான ஓட்டை 40-வது வரியில்கூட இருக்கலாம். அடைப்புக்குறிகளைச் சரிபார்க்க எமாக்ஸிலேயே கட்டளை உண்டு.

இன்னொரு கிளாசிக் பிழை வாட்ஸ்அப்பிலோ வேர்டு கோப்பிலோ இருந்து வரும். அங்கிருந்து காப்பி செய்த வரிகளில் நேரான மேற்கோள்குறி வளைந்த மேற்கோள்குறியாக மாறியிருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு இல்லை. புதிய எமாக்ஸ் பதிப்புகள் இதை ‘விசித்திரமான மேற்கோள்குறி’ என்றே சொல்லித் திட்டும்.

நான்காவது படி, நீங்கள் திருத்தும் கோப்பைத்தான் எடிட்டர் படிக்கிறதா என்று பாருங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் எமாக்ஸ் தன் தொடக்கக் கோப்பை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தேடும். ஹோம் ஃபோல்டரில் பழைய புள்ளி-எமாக்ஸ் கோப்பு ஒன்று மறந்துபோய்க் கிடந்தால், அதை எடுத்துக்கொண்டு, நீங்கள் ராத்திரி முழுக்கத் திருத்திய இனிட் கோப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது. வி.எஸ். கோடில் உங்கள் பொதுவான செட்டிங்கை புராஜெக்ட் ஃபோல்டருக்குள் இருக்கும் செட்டிங் மீறிவிடும். விம்மில் ஒரு செட்டிங்கை ‘வெர்போஸ்’ என்ற சொல்லோடு சேர்த்துக் கேட்டால், அதைக் கடைசியாக மாற்றியது எந்தக் கோப்பு என்று போட்டுக் கொடுத்துவிடும்.

ஐந்தாவது படிதான் ஹீரோ. பாதியாக வெட்டுவது.

பீச் முதல் தாம்பரம் வரை

பிழைச் செய்தியே இல்லை, ஆனால் எடிட்டர் மெதுவாகத் திறக்கிறது அல்லது ஒரு ஷார்ட்கட் மட்டும் வேலை செய்யவில்லை. 400 வரியையும் ஒவ்வொன்றாகவா பார்க்க முடியும்?

சென்னை பீச்சில் ஏறும்போது கையில் இருந்த குடை, தாம்பரத்தில் இறங்கும்போது காணோம். நடுவில் நிற்கும் இடங்களையும் சேர்த்து மொத்தம் 18 நிலையங்கள். கூட வந்த நண்பரிடம் எப்படிக் கேட்பீர்கள்? “கோட்டையில் இருந்ததா, பார்க்கில் இருந்ததா” என்று வரிசையாக இல்லை. “சைதாப்பேட்டையில் இருந்துச்சா?” என்று நடுவில் கேட்பீர்கள். இருந்தது என்றால் முதல் பாதியை மறந்துவிடலாம். அடுத்து மீனம்பாக்கம் பக்கம் ஒரு கேள்வி. அதிகபட்சம் ஐந்தே கேள்வியில், எந்த இரண்டு நிலையங்களுக்கு நடுவில் குடை தொலைந்தது என்று தெரிந்துவிடும்.

கோப்புக்கும் அதே கணக்குதான். கீழ்ப்பாதியை கமென்ட் ஆக்கிவிட்டுத் திறங்கள். பிரச்சினை இருக்கிறதா? மேல்பாதியில் தேடுங்கள். இல்லையா? கீழ்ப்பாதிதான். மறுபடி அதில் பாதி. 400 வரி என்றால் ஒன்பது முறை. ஒரு தடவைக்கு அரை நிமிடம் வைத்தாலும் ஐந்து நிமிடத்துக்குள் குற்றவாளி வரி கையில். 1000 வரி என்றால்கூட பத்தே முறைதான்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். வெட்டும்போது ஒரு கட்டளையின் நடுவில் வெட்டாமல், அது முழுசாக முடியும் இடத்தில் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் நீங்களே ஒரு புதுப் பிழையை உருவாக்கிவிடுவீர்கள். அதேபோல, கீழே இருக்கும் வரி மேலே இருக்கும் வரியை நம்பி இருக்கலாம். அப்போது இரண்டையும் சேர்த்தே நகர்த்த வேண்டும்.

இந்த வேலையைத் தானாகச் செய்யும் வசதிகளும் வந்துவிட்டன. எமாக்ஸுக்கு ‘பக் ஹன்டர்’ என்ற பேக்கேஜ் இருக்கிறது. வி.எஸ். கோடில் எக்ஸ்டென்ஷன்களைப் பாதி பாதியாக அணைத்து, “இப்போ சரியா இருக்கா?” என்று உங்களையே கேட்டுக் கண்டுபிடிக்கும் வசதி உண்டு. கிட்டில், எந்த கமிட்டில் புராஜெக்ட் உடைந்தது என்று கண்டுபிடிக்க ‘பைசெக்ட்’ கட்டளை இருக்கிறது. அதாவது, எடிட்டர் கோப்பில் பழகும் அதே தந்திரம் நாளைக்கு ஆபீஸ் புராஜெக்ட்டிலும் சோறு போடும்.

ஒரு கோப்பு, 85 லட்சம் கணினிகள்

“எடிட்டர் செட்டிங்குக்கு இவ்வளவு பில்டப்பா?” என்று கேட்கலாம். 2024 ஜூலை 19-ஐ நினைத்துப் பாருங்கள்.

அன்று திரிசூலம் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் சென்னை விமான நிலையத்திலும் விமான நிறுவனங்களின் செக்-இன் தடுமாறியது. நாட்டின் பல விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். காரணம், கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு அனுப்பப்பட்ட ஓர் அப்டேட். வந்தது புது மென்பொருள்கூட இல்லை, ஒரு கான்ஃபிகரேஷன் கோப்பு. 21 உள்ளீடுகளை எதிர்பார்த்த இடத்தில் 20 மட்டுமே கொடுக்கப்பட்டது. இல்லாத 21-வதைப் படிக்கப் போய் விண்டோஸே சரிந்தது. 78 நிமிடத்தில் அந்த அப்டேட்டைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி அதற்குள் சுமார் 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டுவிட்டன. பல கணினிகள் திறக்கும்போதே விழுந்து, மறுபடி திறந்து, மறுபடி விழுந்தன.

எப்படிச் சரி செய்தார்கள்? பல இடங்களில் ஊழியர்கள் ஒவ்வொரு கணினியாகப் போய், ‘சேஃப் மோட்’-இல் திறந்து, அந்த ஒரு கோப்பை மட்டும் அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தார்கள். சேஃப் மோட் என்பது வேறு ஒன்றும் இல்லை. மேலே பார்த்த இரண்டாவது படிதான். கூடுதல் சமாச்சாரம் எதுவும் இல்லாமல் திற, பிரச்சினை எந்தப் பக்கம் என்று பிரி, தப்பான துண்டை மட்டும் நீக்கு. எடிட்டரில் கற்றுக்கொண்டவருக்கு இது புதுப் பாடமே இல்லை.

அதே வருடத்தில் இன்னொரு சம்பவம். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தன் சோதனைக் கணினியில் எஸ்.எஸ்.எச். லாகின் வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். “நெட் ஸ்லோ போல” என்று விட்டுவிடவில்லை. தோண்டிப் பார்த்தார். லினக்ஸ் உலகம் முழுக்கப் பயன்படும் ‘எக்ஸ்.இசட்.’ என்ற சுருக்குக் கருவியின் புதிய பதிப்புகளில் யாரோ திட்டமிட்டு ஒரு ரகசியக் கதவை ஒளித்து வைத்திருந்தது வெளியே வந்தது. உலகின் கணக்கற்ற சர்வர்கள் தப்பித்தது, அரை நொடியை அலட்சியம் செய்யாத ஒருவரால்.

தெரியாத வரியை ஏன் ஓட விடுகிறோம்?

இங்கேதான் எடிட்டர் கோப்பில் உண்மையான ஆபத்தும் இருக்கிறது. அது நிரல் என்றால், உங்கள் கணினியில் உங்களுக்கு இருக்கும் எல்லா உரிமையோடும் ஓடும் நிரல். உங்கள் கோப்புகளைப் படிக்கலாம், அழிக்கலாம், இணையத்துக்கு அனுப்பலாம். யூடியூபில் யாரோ காட்டிய 600 வரி கான்ஃபிக்கைப் படிக்காமல் ஒட்டுவது, வீட்டுச் சாவியை ரயிலில் பக்கத்து சீட்காரரிடம் கொடுப்பது மாதிரி. பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனாலும் கொடுக்க மாட்டோம் இல்லையா?

எடிட்டர்களை உருவாக்குபவர்களுக்கே இந்தக் கவலை உண்டு. ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பைத் திறந்தாலே அதற்குள் மறைத்த கட்டளை ஓடிவிடும் அளவுக்கு ஒரு ஓட்டை விம்மிலும் நியோவிம்மிலும் 2019-ல் கண்டுபிடிக்கப்பட்டு அடைக்கப்பட்டது. இப்போது வி.எஸ். கோடில் புதிய ஃபோல்டரைத் திறந்தால் “இதை எழுதியவரை நம்புகிறீர்களா?” என்று கேட்கிறதே, அந்த வசதி வந்தது 2021-ல். நாம்தான் படிக்காமல் ‘யெஸ்’ அமுக்கிவிடுகிறோம்.

“அதான் ஏ.ஐ. இருக்கே?”

நியாயமான கேள்வி. பிழைச் செய்தியை ஏ.ஐ.யிடம் கொடுத்தால் பல நேரம் சரியான பதில் வரும். பயன்படுத்துவதில் தப்பே இல்லை. ஆனால் முழுக் கோப்பையும் தூக்கி ஒட்டுவது வேறு விஷயம். அதில் பாஸ்வேர்டு, டோக்கன், கிளையன்ட் சர்வர் முகவரி எல்லாம் இருக்கலாம். தவிர, உங்கள் எமாக்ஸ் 27-ஆ 29-ஆ என்று நீங்கள் சொல்லாவிட்டால் அதற்குத் தெரியாது. 29-க்கான தீர்வை 27-க்குக் கொடுத்து, சேலையூர் கதையை மறுபடி தொடங்கி வைக்கும். பாதியாக வெட்டி, பிழை தரும் மூன்றே வரியைக் கண்டுபிடித்து, பதிப்பு எண்ணோடு கேட்டுப் பாருங்கள். பதிலின் தரமே மாறிவிடும். நல்ல கேள்வி கேட்கவும் டீபக்கிங் தெரிய வேண்டும்.

இன்னொரு எதிர்வாதமும் உண்டு. “இது எல்லாம் டைம் வேஸ்ட். எடிட்டரை அலங்கரிக்கிற நேரத்தில் வேலையைப் பார்க்கலாம்.” இதில் பாதி உண்மை. ஒரு தீமுக்காக ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைப்பவர்கள் உண்டு. அதற்கு மருந்து கோப்பைச் சின்னதாக வைத்துக்கொள்வது. புரியாத கோப்பை அப்படியே வளர விடுவதில்லை.

குரோம்பேட்டை எம்.ஐ.டி. தொடங்கி வண்டலூர் தாண்டி வரை, இந்தப் பக்கம் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவே இல்லை. ஆனால் வழக்கமான லேப் தேர்வு எப்படி இருக்கிறது? ரெக்கார்டு நோட்டில் இருக்கும் சரியான புரோகிராமை மனப்பாடமாக அடித்து, அவுட்புட் காட்டி, வைவா முடித்து வந்துவிடலாம். உடைந்த ஒரு கோப்பைக் கையில் கொடுத்து, “அரை மணி நேரத்தில் எங்கே தப்பு என்று கண்டுபிடி, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று எழுது” என்று கேட்கும் தேர்வு அரிது. ஆனால் வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்து அவர்கள் சந்திக்கப்போவது உடைந்த கோப்புகளைத்தான். ஒரு செமஸ்டருக்கு ஒரே ஒரு லேப் வகுப்பை இதற்கு ஒதுக்கினால்கூடப் போதும். செலவு பூஜ்யம். எமாக்ஸும் விம்மும் இலவசம்.

சேலையூர் டெவலப்பருக்குத் தேவைப்பட்ட திருத்தமும் ஒரே ஒரு வரிதான். ‘எமாக்ஸ் பதிப்பு 29 அல்லது அதற்கு மேல் இருந்தால் மட்டும் தமிழ்99-ஐ இயக்கு’ என்று ஒரு நிபந்தனை. அதைச் சேர்த்து, கோப்பை கிட்டில் போட்டு வைத்திருந்தால், அடுத்து எந்த லேப்டாப் வந்தாலும் கவலை இல்லை.

இன்று மாலை வேலை முடிந்ததும் உங்கள் எடிட்டரின் கான்ஃபிக் கோப்பையோ செட்டிங் பக்கத்தையோ ஒருமுறை திறந்து மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். “இது எதுக்கு இங்க இருக்கு?” என்று ஒரு வரியைப் பார்த்துத் தோன்றினால், அதை கமென்ட் ஆக்கிவிட்டுத் திறந்து பாருங்கள். ஒன்றும் உடையவில்லையா? அப்போ அது உங்களுக்குத் தேவையில்லாத வரி. உடைந்ததா? இப்போது அது எதற்கு என்று உங்களுக்குத் தெரியும்.